அரை மில்லிமீட்டர் புள்ளியும் ஐந்து கிலோ துப்பாக்கியும்

வெள்ளைத் தாளில் பேனா நுனியால் ஒரு புள்ளி வையுங்கள். அதன் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்கும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். புள்ளி இருக்கும் இடமே தெரியாது. ஒலிம்பிக்கில் நடைபெறும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுவட்டம் அவ்வளவு சிறியதுதான்!

வீரர்கள் நின்றபடியே, 75 நிமிடத்திற்குள் 60 முறை சுட வேண்டும். பெல்லட் எனப்படும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அதன் ஓரம் நடுவட்டத்தைத் தொட்டாலே பத்து மதிப்பெண் கிடைக்கும். அதாவது, குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த 2.5 மில்லிமீட்டரையும் பத்தாகப் பிரித்து 10.0 முதல் 10.9 வரை மதிப்பெண் தருகிறார்கள். ஒவ்வொரு 0.1 மதிப்பெண்ணுக்கும் இடைவெளி கால் மில்லிமீட்டர்.

இந்தச் சிறு இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஒரு சான்று. பெண்கள் பிரிவுத் தகுதிச் சுற்றில் இந்தியாவின் ரமிதா ஜிண்டால் 631.5 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பிடித்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 புள்ளிகளுடன் பத்தாம் இடத்தில் நின்றார். முதல் எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று. இருவருக்கும் இடையே 60 குண்டுகளில் மொத்த வேறுபாடு 0.8 மட்டுமே. ஒரு குண்டுக்குச் சராசரியாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு!

இவ்வளவு நுணுக்கமான போட்டிக்குரிய துப்பாக்கியைக் கடையில் இருக்கும் நிலையிலேயே எடுத்து யாரும் சுடுவதில்லை. ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுத்து, சுடுபவரின் உடலுக்கு ஏற்பப் பொருத்துகிறார்கள். பள்ளி அணியிலோ மன்றத்திலோ சேர்ந்து முதன்முறையாகத் தனக்கென ஒரு துப்பாக்கியை அமைக்கப்போகும் மாணவர் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'இது எந்தப் பிழையைக் குறைக்கிறது?'

முதலில் சட்டம்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஏர் ரைஃபிளும் சட்டப்படி துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் அதை வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. இணையத்தில் பாகம் பாகமாக வரவழைத்து வீட்டில் பூட்டிப் பார்ப்பது விளையாட்டல்ல, கடுமையான குற்றம். ஆகவே, இங்கே சொல்லப்படும் தேர்வுகள் எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட மன்றத்தின் வழியே, பயிற்றுநரின் மேற்பார்வையில், சுடுதளத்திற்குள் நடப்பவை.

ஸ்டாக்: துப்பாக்கி உங்களிடம் வரட்டும்

துப்பாக்கியைத் தோளோடும் கன்னத்தோடும் சேர்த்துப் பிடிக்க உதவும் உடற்பகுதியே ஸ்டாக். முன்பு மரத்தில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் அலுமினியத்தில், நீட்டவும் குறைக்கவும் உயர்த்தவும் கூடியதாகச் செய்கிறார்கள். புதிதாக வருவோர் குழலைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். ஆனால், மதிப்பெண்ணை அதிகம் மாற்றுவது ஸ்டாக்தான்.

காரணம் நம் உடலில் இருக்கிறது. தசைகள் களைப்படையும், நடுங்கும். எலும்புகள் களைப்பதில்லை. அனுபவமுள்ள வீரர் இடுப்பைச் சற்று முன்தள்ளி, துப்பாக்கியைத் தாங்கும் கையின் முழங்கையை இடுப்பெலும்பை ஒட்டி ஊன்றி நிற்பார். துப்பாக்கியின் எடை கை எலும்பு, இடுப்பு, கால்கள் வழியாகத் தரைக்கு இறங்கும். அப்படி நின்றபடியே தலை நிமிர்ந்திருக்க, குறிபார்க்கும் துளை நேராகக் கண்ணுக்கு முன் வர வேண்டும்.

எல்லாருடைய கழுத்தும் கையும் ஒரே நீளமில்லையே! அதனால்தான் மூன்று பாகங்களை நம் அளவுக்கு மாற்றுகிறோம். தோளில் பதியும் பின்தட்டின் தூரத்தைக் கையின் நீளத்துக்கு ஏற்ப வைக்கிறோம். உள்ளங்கைக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே உள்ள தாங்கியை உயர்த்தி, துப்பாக்கியைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வருகிறோம். பிறகு கன்னப் பலகையை, தலையின் எடை இயல்பாகச் சாயும் உயரத்தில் நிறுத்துகிறோம். தலை துப்பாக்கியைத் தேடிக் குனிந்தால் அமைப்பு தவறு. துப்பாக்கிதான் தலையைத் தேடி வர வேண்டும்.

தவறான அமைப்பில் மதிப்பெண் மட்டும் குறைவதில்லை. போட்டி விதிப்படி துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். வளரும் வயதில், வளைந்த முதுகோடு ஒரு பக்கமாக அந்த எடையைத் தாங்கி ஒரு மணி நேரத்திற்கும் மேல் நின்றால் முதுகுத்தண்டு பாதிக்கப்படக்கூடும். சிறிய உடல்வாகு உள்ளவர் எடை குறைந்த துப்பாக்கியுடன் தொடங்குவதே நல்லது.

குறிபார்க்கும் கருவி: துளை செய்யும் மாயம்

இந்தப் போட்டியில் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கிக்கு இடமில்லை. கண்ணருகே ஒரு சிறு துளை, குழலின் முனையில் ஒரு வளையம், பத்து மீட்டரில் கறுப்பு வட்டம். இவை மூன்றும் ஒரே மையத்தில் அமைய வேண்டும்.

நம் கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். ஆனால், துளை சிறிதானால் பக்கவாட்டில் பரவி வரும் ஒளிக்கதிர்கள் தடுக்கப்படுகின்றன. அதனால் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். இதை இப்போதே சோதிக்கலாம். ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, கண்ணருகே வைத்து, இந்தப் பக்கத்தை மிக அருகில் கொண்டுவந்து படியுங்கள். மங்கலான எழுத்து தெளிவாகும், ஆனால் இருட்டாகும். ஆகவே துளை மிகச் சிறிதாகவும் கூடாது, பெரிதாகவும் கூடாது. சுடுதளத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பத் துளையை மாற்றிக்கொள்ளும் வகையே சிறந்தது.

இன்னொரு கணக்கு. முன், பின் குறிகளுக்கு இடையே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மையம் 0.2 மில்லிமீட்டர் விலகினால் போதும், பத்து மீட்டரில் குண்டு 2.5 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். அதாவது ஒரு முழு மதிப்பெண் போய்விடும். ஒத்த முக்கோணங்கள் பற்றிய கணிதப் பாடம் இதுவேதான்.

காற்று: கரியமில வாயு ஏன் விடைபெற்றது?

முன்பு போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் திரவமாக்கப்பட்ட கரியமில வாயு குண்டைத் தள்ளியது. அதில் ஒரு சிக்கல். 20 பாகை செல்சியஸில் அந்த வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 57 பார். 30 பாகையில் அது ஏறத்தாழ 72 பார். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து நம் ஊர் வெயிலுக்கு வந்தால் அழுத்தம் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும்! குண்டின் வேகமும் அதற்கேற்ப மாறும்.

இன்றைய துப்பாக்கிகளில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட சாதாரணக் காற்று இருக்கிறது. கெல்வின் அளவையில் 293லிருந்து 303க்கு வெப்பம் உயர்ந்தால் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 3.4 விழுக்காடுதான் கூடும். அந்தச் சிறு மாற்றத்தையும் ரெகுலேட்டர் சமன்செய்துவிடும். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் பாதி தீர்ந்திருந்தாலும், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தத்தைத் தருவது அதன் வேலை. ஆகவே துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது 'எவ்வளவு வேகம்?' என்று கேட்காதீர்கள். 'ஒவ்வொரு முறையும் அதே வேகமா?' என்று கேளுங்கள்.

ஏறத்தாழ 0.53 கிராம் எடையுள்ள குண்டு, நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 0.06 நொடியில் இலக்கைத் தொடுகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 1.7 சென்டிமீட்டர் அளவு கீழே இழுத்துவிடும். குறியைச் சரிசெய்யும்போதே இந்த இறக்கத்தையும் ஈடுகட்டி விடுகிறோம். வேகம் மாறாதவரை இறக்கமும் மாறாது.

சிலிண்டர் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. 200 பார் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 200 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். சிலிண்டரின் மேல் அதன் காலாவதித் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். விலை மலிவு என்று காலாவதியான பழைய சிலிண்டரை வாங்குவது உயிருக்கே ஆபத்து. அதைப் போட்டியில் பயன்படுத்தவும் விதி இடம் தராது.

குழலும் குண்டும்: ஒரு திருமணப் பொருத்தம்

குழலின் உட்சுவரில் சுருள் வடிவப் பள்ளங்கள் உள்ளன. அவை குண்டைச் சுழல வைக்கின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டு தடுமாறாமல் பறக்கிறது. பல ஏர் ரைஃபிள் குழல்களில் 450 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. நொடிக்கு 170 மீட்டர் என்றால், குண்டு நொடிக்கு ஏறத்தாழ 378 முறை சுழல்கிறது!

பெயர்பெற்ற நிறுவனங்களின் போட்டிக் குழல்கள் எல்லாமே நுட்பமானவை. குறிதவறச் செய்வது பெரும்பாலும் குழலுக்கும் குண்டுக்கும் உள்ள பொருத்தமின்மைதான். குண்டின் தலை விட்டம் 4.48, 4.49, 4.50 என 0.01 மில்லிமீட்டர் வேறுபாட்டில் விற்கப்படுகிறது. எது பொருந்தும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. துப்பாக்கியை இரும்புப் பிடியில் அசையாமல் பூட்டி, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்ப்பார்கள். எது மிக நெருக்கமாக ஒரே துளையில் விழுகிறதோ, அதுவே அந்தக் குழலுக்கு ஏற்றது. மாறிகளைக் கட்டுப்படுத்திச் செய்யும் நியாயமான சோதனை என்று அறிவியல் வகுப்பில் படிக்கிறோமே, அதன் நேரடிப் பயன்பாடு இது. குண்டுகள் ஈயத்தால் ஆனவை என்பதால், சுட்டு முடித்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும்.

எடைகளும் ட்ரிகரும்

குழலின் முனையருகே சிலர் சிறு எடைகளைப் பூட்டுவார்கள். ஏன்? ஒரு மீட்டர் கோலின் நடுவில் இரண்டு சிறு தண்ணீர்ப் புட்டிகளைக் கட்டி, நடுவில் பிடித்து வேகமாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு அதே புட்டிகளை இரு முனைகளிலும் கட்டித் திருப்புங்கள். எடை ஒன்றுதான். ஆனால், இரண்டாம் முறை கோல் எளிதில் திரும்பாது. எடை மையத்திலிருந்து விலக விலக, சுழற்சிக்கான எதிர்ப்பு கூடுகிறது. முனையில் எடை இருந்தால் துப்பாக்கியின் சிறு நடுக்கம் மெதுவாகும். அளவுக்கு மீறினால் தோள் களைத்து நடுக்கமே கூடிவிடும். ஆகவே இதைக் கடைசியில், சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

ட்ரிகரை ஒரு கோழிமுட்டையின் எடை அளவு விசையிலேயே இயங்கும்படி வைக்க முடியும். குறியைக் கலைக்காமல் சுட அது உதவும். ஆனால், புதியவருக்குச் சற்றுக் கடினமான அமைப்பே பாதுகாப்பு. விரல் தொட்டதும் எதிர்பாராமல் வெடிக்கும் துப்பாக்கி யாருக்கும் வேண்டாம். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்பு இழை செருகப்பட்டிருக்க வேண்டும். உள்ளே குண்டு இல்லை என்பதை எல்லாருக்கும் அது காட்டும்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

முதல் ஓராண்டு மன்றத்தின் துப்பாக்கியே போதும். அதன் ஸ்டாக்கை ஒவ்வொரு முறையும் உங்கள் அளவுக்கு மாற்றி, அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். முதுகுக்குத் துணைநிற்கும் மேற்சட்டையும் காலணியும் அடுத்தது. பிறகு குழலுக்குப் பொருந்தும் குண்டு. உங்கள் அளவுகள் நிலைபெற்ற பிறகுதான் சொந்தத் துப்பாக்கி. வளர்ந்து வருபவர் என்றால், நீட்டிக் குறைக்க வசதியுள்ள ஸ்டாக்கையே தேர்ந்தெடுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் கை நீண்டிருக்கும்!

மலேசியாவின் நூர் சுர்யானி முகமது தாய்பி, எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் சுட்டார். உடலின் ஈர்ப்பு மையம் மாறிய நிலையில் அசையாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 2018 காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். அவற்றில் ஒன்று இந்தப் போட்டியில் கிடைத்தது.

அடுத்த முறை பள்ளியின் புறப்பாட நடவடிக்கை அறிமுக நாளில் துப்பாக்கி சுடும் அணியினரைக் கண்டால், 'இது எந்த நிறுவனத்தின் துப்பாக்கி?' என்று கேட்காதீர்கள். 'உங்கள் கன்னப் பலகையின் அளவு என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். உடனே விடை சொல்பவர்தான் தன் துப்பாக்கியை உண்மையாக அறிந்தவர்.