நெடிது வாழும் மரம்

மரம் நடுவோர் பலர். நடும் மரத்தின் இயல்பறிந்து இடந்தேர்வோர் சிலர். நூறு ஆண்டு வாழும் மரத்தை நடுவோரும் இதனைக் கருதுதல் வேண்டும். அங்ஙனமாயின், ஆயிரம் ஆண்டுகட்கு மேலும் வாழவல்ல மரத்தை நடுவோர் எத்துணைக் கருதுதல் வேண்டும்! அத்தகைய மரம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியில் உள்ளது. அதனை மொட்டைச் சைப்பிரஸ் என்பர்.

இம்மரம் ஊசியிலை மரங்களின் இனத்தைச் சார்ந்தது. அவ்வினத்து மரங்களுள் பெரும்பாலான, ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல் நிற்கும். இதுவோ இலையுதிர் காலத்தில் செம்பழுப்பு நிறங்கொண்டு, குளிர்காலம் வருமுன் தன் இலைகளையெல்லாம் உதிர்த்துவிடும். 'மொட்டை' என்னும் அடைமொழி இதனால் வந்ததே. வெறுங்கொம்பாய் நிற்கும் அதனைப் பட்ட மரமென்று அறியாதார் மயங்குதல் கூடும். இளவேனில் வந்ததும், இறகு போன்ற மெல்லிய தளிர்கள் கிளைதோறும் தோன்றி அம்மயக்கத்தைத் தீர்க்கும்.

சதுப்பு நிலங்களும் ஆற்றோரங்களும் இதன் தாயகம். லூசியானா மாநிலம் 1963-ஆம் ஆண்டில் இதனைத் தன் மாநில மரமாக ஏற்றது. முதிர்ந்த மரத்தின் வைரம் எளிதில் உளுத்துப் போகாது. ஆதலின் வீடு கட்டவும் படகு செய்யவும் மக்கள் இதனைப் பெரிதும் விரும்பினர். அவ்விருப்பமே இதற்குக் கேடாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பழங்காடுகளுள் பெரும்பகுதி வெட்டி வீழ்த்தப்பட்டது. காட்டில் குறைந்த அம்மரத்தை இன்று அந்நாட்டினர் தம் வீட்டு வளாகங்களில் வளர்க்கின்றனர்.

நீரில் நிற்கும் மரமாதலின் இதற்கு எப்போதும் நீர் தேங்கியிருத்தல் வேண்டும் என்று எண்ணுதல் பிழை. நீரில் மூழ்கிய விதை முளைப்பதில்லை, ஈரமண்ணிலேதான் முளைக்கும். வளர்ந்த மரம் வெள்ளத்தைத் தாங்கவல்லது. ஆனால் அதனை வேண்டி நிற்பதன்று. எனவே வீட்டைச் சூழ்ந்த மேட்டு நிலத்திலும் இது நன்கு வளரும். வேர் ஊன்றும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மட்டும், மழை இல்லாத காலங்களில் தவறாமல் நீர் பாய்ச்சுதல் வேண்டும்.

நடுமுன் மண்ணின் தன்மையை அறிதல் இன்றியமையாதது. சிறிது புளிப்புத் தன்மையுள்ள மண் இதற்கு உகந்தது. சுண்ணாம்பு மிக்க மண்ணில் இரும்புச் சத்தை வேரால் ஈர்க்க இயலாது. இலைகள் மஞ்சளித்து மரம் நலியும். நட்ட பின்னர் மருந்து தேடுவதினும், நடுமுன் மண்ணை ஆய்தல் எளிது.

கன்றுக்குத் தோண்டும் குழி, வேரோடு கூடிய மண்கட்டியினும் இருமடங்கு அகலமாக இருத்தல் வேண்டும். ஆழம் அம்மண்கட்டியின் உயரத்தினும் மிகுதல் கூடாது. நட்டபின், உலர்ந்த இலையோ மரப்பட்டைத் துண்டுகளோ கொண்டு இரண்டு மூன்று அங்குல உயரத்திற்கு மூடாக்கு இடுதல் நன்று. அது மண்ணின் ஈரத்தைக் காக்கும். ஆனால் அம்மூடாக்கு அடிமரத்தைத் தொடுமாறு குவித்தலாகாது. தொடின் பட்டை அழுகும்.

வெயில் நன்கு படும் இடமே இதற்கு ஏற்றது. வீட்டு வளாகத்திலும் இது 50 முதல் 70 அடி வரை உயரும். கிளைகள் 20 முதல் 30 அடி வரை பரவும். ஆதலின் சுவர், மின்கம்பி, நடைபாதை ஆகியவற்றினின்றும் விலகி நடுதல் வேண்டும். இன்று ஒரு முழம் உயரமுள்ள கன்றைக் கண்டு இடந்தேர்பவர், நாளை அது அடையப்போகும் உருவத்தை மனக்கண்ணால் காணுதல் வேண்டும்.

இம்மரத்திற்கு வியத்தகு இயல்பு ஒன்று உண்டு. ஈரநிலத்தில் இதன் வேர்களினின்றும் கூம்பு போன்ற முண்டுகள் தரைக்கு மேல் எழும். அவற்றை அந்நாட்டு மக்கள் 'முழங்கால்' என்று அழைப்பர். வேருக்குக் காற்று ஊட்டுவன என்றும், மரம் சாயாமல் காப்பன என்றும் அறிஞர் பலவாறு கூறுவர். எனினும் அவற்றின் பயன் ஐயமற நிறுவப்படவில்லை. புல்வெட்டும் பொறிக்கு இவை இடையூறு என்று வெட்டுவோர் உளர். வெட்டுவதினும், மரத்தடியில் புல் வளர்த்தலை விடுத்து மூடாக்கு இட்டு வைத்தலே அறிவுடைமை.

வட கரோலினா மாநிலத்துக் கருப்பாற்றங்கரையில் உள்ள இவ்வினத்து மரமொன்று 2,600 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதை, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி அறிஞர் 2019-இல் வெளியிட்டனர். புளோரிடா மாநிலத்தில் அதனினும் மூத்ததாக, ஏறத்தாழ 3,500 ஆண்டு அகவையுடையதாகக் கருதப்பட்ட மரம் ஒன்று இருந்தது. 'செனட்டர்' என்பது அதன் பெயர். 1925-இல் வீசிய சூறாவளி அதன் உச்சியை முறித்தது. அப்போதும் அது வீழவில்லை. 2012 சனவரித் திங்களில், அதன் பொந்தினுள் வெளிச்சத்திற்காக ஒருவர் மூட்டிய தீ அம்மரத்தை எரித்து அழித்தது. புயலுக்கு அஞ்சாத மரம் ஒருவரது கவனக்குறைவால் மாய்ந்தது.

எனினும் அதன் வழி முற்றும் அற்றுப் போகவில்லை. அம்மரத்தின் கிளையினின்றும் ஒட்டு முறையில் ஒருவர் முன்னரே ஒரு மரத்தை வளர்த்து வந்தார். அஃது அடுத்த ஆண்டே அப்பூங்காவில் நடப்பெற்றது. அம்மரம் பல நூற்றாண்டுகள் கழித்து அடையும் பெருவடிவை வளர்த்தவரும் காணார், நட்டவரும் காணார். தாம் காணாத நிழலைப் பிறர்க்கு வைத்துச் செல்லும் அவ்வுள்ளமே மரம் வளர்ப்போர்க்கு முதற்கண் வேண்டுவது.