சென்னை–மதுரை: 50 நிமிடம் ஏன் போதவில்லை?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு விமானம் என்றால் மதுரைதான். சென்னையிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ. ஏடிஆர் ரக விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். கணக்குப்படி 50 நிமிடம் போதும். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறதே, ஏன்?

விமானம் நகரத் தொடங்குவது முதல் மதுரையில் வந்து நிற்பது வரை டிக்கெட் நேரத்தில் வரும். சென்னையில் ஓடுபாதை வரை உருண்டுபோய் முறைக்குக் காத்திருப்பதும் சேர்த்தி. மேலே ஏறும்போது முழு வேகம் கிடைக்காது, இறங்கும்போதும் அப்படித்தான்.

எனக்குப் பிடித்த காரணம் காற்று. எதிர்காற்றில் இறங்கினால்தான் தரையைத் தொடும் வேகம் குறையும். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடியில் மேல்காற்று வீசும்போது, வடகிழக்கிலிருந்து வரும் விமானம் கிழக்குப் பக்கமாகவே இறங்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் கீழ்காற்று அடித்தால், மேற்கே போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறக்கை சாய்வதும், வயல்கள் மெல்லச் சுழல்வதும் தெரியும்.

இறங்கிய பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாலையில் 70 கி.மீ. போல, ராஜபாளையம் இன்னும் தள்ளி. அவசரம் இல்லாதவர்களுக்கு, எழும்பூரில் ராத்திரி ஏறினால் விடிந்ததும் ஊரில் இறக்கிவிடும் பொதிகை ரயிலே மேல்.