குடம் தூக்குமுன் ஒரு நொடி: இடுப்புத்தளத் தசைகளும் பிசியோதெரபியும்

இடுப்பெலும்பைக் கிண்ணத்துக்கு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அந்தக் கிண்ணத்துக்கு எலும்பாலான அடிப்பாகம் கிடையாது. முன்புறம் அடிவயிற்றின் கீழ்முனையில் கைக்குத் தட்டுப்படும் பூப்பெலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்பு வரை, குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போல இழுத்துக் கட்டப்பட்ட தசைகளே அந்த அடிப்பாகமாக அமைந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்குகின்றன. இவற்றுக்கு இடுப்புத்தளத் தசைகள் என்று பெயர். தாங்குவதோடு இவற்றின் வேலை முடிந்துவிடுவதில்லை. சிறுநீரும் மலமும் வேண்டிய நேரத்தில் வெளியேறவும் வேண்டாத நேரத்தில் அடங்கியிருக்கவும் இவை இறுகியும் தளர்ந்தும் கொடுக்க வேண்டும். அந்த இறுக்கமோ தளர்ச்சியோ பிசகும்போதுதான், இருமினாலும் தும்மினாலும் துணி நனையும் அழுத்தக் கசிவு, முட்டிக்கொண்டு வந்து கழிப்பறை வரை போகவிடாத அவசரக் கசிவு, பேச்சுத் தமிழில் ‘அடி இறங்கிவிட்டது’ என்று சொல்லப்படும் கருப்பை இறக்கம், தீராத மலச்சிக்கல், உறவின்போது வலி என வெவ்வேறு பெயர்களில் தொல்லைகள் தொடங்குகின்றன.

இவற்றுக்கான காரணங்களில் முதன்மையானது பிரசவம். தலை வெளிவரும் நேரத்தில் இத்தசைகள் தம் இயல்பான நீளத்தைப் போலப் பல மடங்கு விரிய வேண்டியிருப்பதால், நெடுநேரம் நீண்ட பிரசவத்திலும் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்திலும் தசையோ அதற்குரிய நரம்போ காயப்படக்கூடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் தொடரும் இருமல், முக்கி மலம் கழிக்கும் பழக்கம், உடல் எடை, மாதவிடாய் நின்றபின் வரும் சுரப்பு மாற்றங்கள் ஆகியவை அந்தப் பழைய காயத்தின்மேல் சுமையேற்றுகின்றன. எனினும் மும்பையில், குறிப்பாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்னரே தமிழர்கள் குடியேறிய தாராவியில், இந்த மருத்துவக் காரணங்களை வீட்டின் அமைப்பிலிருந்தும் தெருவின் அமைப்பிலிருந்தும் பிரித்துப் பார்ப்பது சரியாகாது. ஒற்றை அறைக்கு மேலே போடப்பட்ட மாடிக்குச் சுவரோடு ஒட்டி ஏறக்குறைய நேராக நிற்கும் இரும்பு ஏணி, குழாயில் தண்ணீர் வரும் சில மணி நேரத்துக்குள் நிரப்பித் தூக்க வேண்டிய ஹண்டா என்னும் பெரிய குடங்களும் கேன்களும், விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் குடும்பங்களில் மாவுப் பாத்திரங்களின் கனம் ஆகிய ஒவ்வொன்றும் வயிற்றுக்குள் அழுத்தத்தை உயர்த்துகிறது. அந்த அழுத்தம் முழுவதும் கீழே உள்ள தூளியின் மேல்தான் வந்து விழுகிறது.

கழிப்பறையின் கதை இதைவிடக் கடுமையானது. வீட்டுக்குள் கழிப்பறை இல்லாத குடும்பங்கள் ‘சண்டாஸ்’ என்று அழைக்கும் பொதுக் கழிப்பறையை நம்பியிருப்பதால், வரிசைக்கும் இருட்டுக்கும் அஞ்சிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும், மணிக்கணக்கில் அடக்கிவைப்பதும் உண்டு. மும்பையில் ஆண்களுக்கு இலவசமாக உள்ள சிறுநீர் வசதி பெண்களுக்குக் கட்டணமின்றியும் சுத்தமாகவும் கிடைக்க வேண்டும் என்று கோரி, கோரோ உள்ளிட்ட அமைப்புகள் 2011இல் தொடங்கிய ‘ரைட் டு பீ’ (சிறுநீர் கழிக்கும் உரிமை) இயக்கம் இந்த நிலைமையைத்தான் பொதுப்பேச்சாக்கியது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் செறிவாகிச் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டுகிறது, மலமும் இறுகுகிறது. மறுபுறம், வெளியே இடம் கிடைக்காதே என்று கிளம்புமுன் தேவையில்லாமலே ஒருமுறை போய்வரும் பழக்கம் சிறுநீர்ப்பையைச் சிறிதளவு நிறைந்ததுமே அவசரப்படப் பழக்கிவிடுகிறது. ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளக்கூடிய பை, 150 மில்லி லிட்டரிலேயே கதவைத் தட்டத் தொடங்குகிறது. பிசியோதெரபி பற்றிப் பேசும்போது கழிப்பறையைப் பற்றிப் பேசுவது விலகிச் செல்வதாகத் தோன்றலாம். உண்மையில் அது சிகிச்சையின் பாதி.

மீதிப் பாதிக்குத் தடையாக நிற்பது மௌனம். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பெண்நோய் இருந்ததும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு முன் ஒருமுறைகூடப் பெண்நோய்ப் பரிசோதனைக்கு உட்படாததும் தெரியவந்தது. செங்கல்பட்டுப் பகுதியில் கிராமப்புறப் பெண்களிடையே இயங்கும் ருவ்செக் அமைப்பு, கருப்பை இறங்கிய பெண்களின் அனுபவங்களைத் தொகுத்தபோதும், கூலிவேலையையும் தண்ணீர்க் குடத்தையும் விடாமல் அந்தத் தொல்லையைச் சுமந்தே வாழ்ந்த பெண்களைத்தான் கண்டது. மும்பையில் இதனுடன் மொழிச் சிக்கலும் சேர்கிறது. தமிழில் ‘அடக்க முடியவில்லை’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர், புறநோயாளிப் பிரிவில் இந்தியில் ‘பானி ஜாதா ஹை’ (தண்ணீர் போகிறது) என்று சுருக்கிவிடும்போது, அது வெள்ளைப்படுதல் என்று புரிந்துகொள்ளப்பட்டு, கசிவுக்கான சிகிச்சைக்குப் பதிலாக வேறு மாத்திரை எழுதப்படும் வாய்ப்பு உண்டு.

இந்த நகரத்துக்கு இத்துறையில் அறிவு குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. இளம்பெண்களுக்குக் கருப்பையை எடுக்காமலே இறக்கத்தைச் சரிசெய்யும் அறுவை முறைகளை வகுத்த வி.என். ஷிரோட்கர், வி.என். புரந்தரே ஆகியோர் மும்பை மருத்துவர்களே. அவர்கள் பெயரால் அந்த முறைகள் இன்றும் பாடநூல்களில் வழங்குகின்றன. இந்தியாவின் முதல் பிசியோதெரபிப் பள்ளியும், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு, 1950களின் தொடக்கத்தில் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில்தான் உருவானது. தாராவியை ஒட்டிய சயான் நிலையத்தில் ரயில் ஏறினால் மாட்டுங்கா, தாதர் தாண்டி மூன்றாவது நிலையம் பரேல். சயானிலேயே லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையும் இருக்கிறது. ஆயினும் கத்தி அடைந்த புகழைப் பயிற்சி அடையவில்லை என்பதும், அறுவைக்கு முன்னரே கேட்க வேண்டிய ‘தசைக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தாயிற்றா’ என்ற கேள்வி பல குடும்பங்களின் காதுக்கு வந்து சேரவேயில்லை என்பதும் வருத்தத்துக்குரியவை.

அந்தப் பயிற்சியின் வரலாறு நீண்டது. பிரிட்டனில் நடனக் கலைஞராகவும் பிசியோதெரபிஸ்டாகவும் விளங்கிய மார்கரெட் மோரிஸ் இத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறையை 1936இலேயே எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் அதை அளவிடும் கருவியோடு சேர்த்து வெளியிட்ட பிறகே அது ‘கெகல் பயிற்சி’ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. யோகத்தில் மூலபந்தம் என்று வழங்கும் பயிற்சியும் இதே பகுதியை உள்ளிழுப்பதாயினும், அதன் நோக்கம் வேறு. யோக வகுப்பில் அதைப் பழகிய ஒருவருக்குத் தசை இருக்குமிடம் விரைவில் பிடிபடலாமே தவிர, நோய்க்கேற்ற அளவும் முறையும் அதிலிருந்து கிடைப்பதில்லை.

முறை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தசை என்பதால், வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அமெரிக்காவில் 1991இல் வெளியான ஓர் ஆய்வில், சுருக்கமான வாய்மொழி விளக்கம் பெற்ற 47 பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேரே தசையைச் சரியாக இறுக்கினர். கால்பங்கினர் உள்ளிழுப்பதற்கு மாறாகக் கீழ்நோக்கி முக்கினர், அதாவது கசிவைக் கூட்டக்கூடிய செயலையே செய்தனர். ஆகவே படம் போட்ட தாளை நீட்டி வீட்டுக்கு அனுப்புவது சிகிச்சை ஆகாது.

பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் முதலில் கேள்விகளில் தொடங்குகிறார்: எத்தனை பிரசவம், எப்போது கசிகிறது, ஒரு நாளில் எத்தனை முறை கழிப்பறைக்குப் போகிறார், மலம் எப்படிப் போகிறது. பிறகு ஒப்புதல் பெற்று, கையுறை அணிந்த விரலால் தசையின் வலுவையும் அது எத்தனை நொடி தாங்குகிறது என்பதையும் சோதிக்கிறார். உட்பரிசோதனையை விரும்பாதவர் மறுக்கலாம், வெளியிலிருந்து தொட்டோ வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தோ ஓரளவு அறிந்துகொள்ள முடியும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும் சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்ளிழுத்து உயர்த்தச் சொல்கிறார். அப்போது புட்டம் இறுகக் கூடாது, தொடைகள் ஒட்டக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. மூச்சை அடக்கியதுமே வயிறு உப்பி அழுத்தம் கீழே போய்விடும் என்பதால், பலருக்கு முதல் வாரம் முழுவதும் இந்த ஒன்றைத் திருத்துவதிலேயே கழிகிறது. சிறுநீர் கழிக்கையில் நடுவே நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒருமுறை உதவலாம். அதையே பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாமல் போகலாம்.

தசை பிடிபட்ட பிறகு, ஒவ்வொருவருக்கும் எட்டும் நொடிகளில் தொடங்கி, இழுத்துப் பிடிப்பதும் முழுதாகத் தளர்த்துவதும் படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் தொடர்கின்றன. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல், ஒரு வேளைக்குக் குறைந்தது 8 இறுக்கங்கள் என நாளைக்கு மூன்று வேளையும், மேற்பார்வையோடு குறைந்தது மூன்று மாதமும் செய்யப் பரிந்துரைக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அழுத்தக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி பெற்றோரில் 56 விழுக்காட்டினர் குணமானதாகக் கூறினர், பெறாதோரில் 6 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர் என்று கணித்தது. மருந்தும் கத்தியும் இல்லாத ஒரு சிகிச்சைக்கு இது பெரும் பலன்.

ஆனால் எல்லாருக்கும் இறுக்கம் மருந்தாகாது. எப்போதும் இறுகியே கிடக்கும் தசைகளால் உறவில் வலியும், சிறுநீர் தொடங்கத் தயக்கமும், மலம் கழிக்கையில் வழி திறக்காமையும் வருவதுண்டு. இவர்களுக்குக் கெகல் பயிற்சி நோயைக் கூட்டிவிடலாம். தளர்த்தக் கற்பதும், வயிறு விரிய மூச்சை உள்ளிழுப்பதும், தசையின் இறுக்கத்தைத் திரையில் காட்டும் கருவியின் உதவியும்தான் இவர்களுக்கான வழி. அவசரக் கசிவுக்கு, உந்துதல் வந்ததும் ஓடாமல் நின்று தசையைச் சில முறை இறுக்கி, அலை தணிந்த பின் நடந்து சென்று, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் சிறுநீர்ப்பைப் பயிற்சி சேர்கிறது. தொடக்கநிலைக் கருப்பை இறக்கத்தில் இறுக்கப் பயிற்சியால் தொல்லை குறைகிறது. முற்றிய இறக்கத்தை எந்தப் பயிற்சியும் மேலே ஏற்றாது, அங்கே பெசரி என்னும் தாங்குவளையமோ அறுவையோ வேண்டும். புராஸ்டேட் சுரப்பியை அகற்றிய ஆண்களுக்கும் கசிவைக் கட்டுப்படுத்த இப்பயிற்சி கற்பிக்கப்படுகிறது என்பது செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உள்ள தமிழ் முதியவர்கள் அறிய வேண்டியது. சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் அறவே வராமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் பயிற்சியைத் தேடாமல் உடனே மருத்துவரைத்தான் தேட வேண்டும்.

மூன்று மாதம் மருத்துவமனைக்கு வந்துபோவது தினக்கூலிக் குடும்பத்துக்கு எளிதன்று. சயான் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்த அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999இல் நிறுவிய ஸ்னேஹா அமைப்பு தாராவிச் சந்துகளில் தாய்சேய் நலத்துக்காக வீடுவீடாகச் செல்கிறது. அதுபோலப் பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வரும் சந்திப்பிலேயே தமிழில் கேட்கப்படும் ‘இருமும்போது கசிகிறதா’ என்ற ஒரே கேள்வி பல ஆண்டுத் துன்பத்தைத் தொடக்கத்திலேயே கண்டுவிடும். பயிற்சியும் தனி நேரம் கேட்பதில்லை. குழாயடி வரிசையில் நிற்கும்போது எட்டு இறுக்கங்கள் முடிந்துவிடும். நிறைந்த ஹண்டாவைத் தூக்குமுன், இருமல் வெளிவருமுன், ஏணியின் முதல் படியில் கால் வைக்குமுன் ஒரு நொடி தசையை உள்ளிழுத்து, மூச்சை வெளியே விட்டபடியே தூக்கவும் ஏறவும் பழகினால், அழுத்தம் கீழே வந்து சேருமுன் தூளி இறுகிக் காத்திருக்கும்.