5-ல் 3 என்றால் பாதி ஆபத்துதானா? பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிப்பது எப்படி?

2025 பிப்ரவரி 27 மாலை, உத்தராகண்டின் சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியானது. மறுநாள் காலை, சமோலியின் மாணா கிராமம் அருகே சாலைப் பணியாளர்கள் தங்கியிருந்த கன்டெய்னர்கள் மீது பனி சரிந்தது. 54 பேர் சிக்கினர். 8 பேர் உயிரிழந்தனர்.

வேலைக்குப் போகிறவர்களால் தங்குமிடத்தைத் தேர்வு செய்ய முடிவதில்லை. லீவு போட்டுவிட்டு குளிர்கால ட்ரெக், குல்மார்க் ஸ்கீயிங் என்று கிளம்பும் உங்களால் முடியும். அதற்கு மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்.

1. எண்ணைச் சரியாகப் படியுங்கள்

டிஆர்டிஓ-வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ, இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அபாய நிலை 1 முதல் 5 வரை. 3 என்றதும் 'மீடியம்தானே' என்று தோணும். அங்கேதான் தப்பு. ஒவ்வொரு நிலைக்கும் ஆபத்து சமமாகக் கூடுவதில்லை, மடங்குகளில் கூடுகிறது. ஐரோப்பா, வட அமெரிக்காவில் பனிச்சரிவு உயிரிழப்புகளில் பெரும் பங்கு 3-ம் நிலை நாட்களில்தான் நடக்கிறது. 4, 5 என்றால் பலர் கிளம்பவே மாட்டார்கள்; 3 என்றால் கிளம்பிவிடுகிறார்கள்.

2. சாய்வை அளந்து பாருங்கள்

பலகை போலப் பெயர்ந்து விழும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் தொடங்கும். போனில் உள்ள சாய்வுமானி ஆப்பிலேயே அளக்கலாம். நீங்கள் நிற்கும் இடம் சமதளமா என்று மட்டும் பார்க்காதீர்கள். தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால், கீழே டென்ட் போட்டிருப்பவருக்கும் ஆபத்துதான்.

3. பனி காட்டும் அறிகுறிகளைக் கவனியுங்கள்

பனி அடுக்கடுக்காகப் படிகிறது. உள்ளே ஒரு அடுக்கு பலவீனமாக இருந்தால், மேலே உள்ள கெட்டியான அடுக்கு மொத்தமாக நழுவும். அருகில் புதிதாக விழுந்த பனிச்சரிவு, காலடியில் 'வும்' என்று அமுங்கும் சத்தம், பனியில் ஓடும் விரிசல், திடீர் வெயில், கனத்த பனிப்பொழிவு, பலத்த காற்று: இதில் ஒன்று இருந்தாலும் செங்குத்துச் சரிவுப் பக்கம் போகாதீர்கள். முன்னால் போனவர்களின் கால்தடம் பாதுகாப்புக்குச் சான்று அல்ல. ஒன்பது பேர் கடந்த சரிவு, பத்தாவது ஆளின் எடையில் உடையலாம்.

புதைந்துவிட்டால்?

முதல் 10-15 நிமிடங்களுக்குப் பிறகு உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. அதற்குள் ஹெலிகாப்டர் வந்து சேராது. கூட வந்தவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் சிக்னல் கருவி, தேடும் கம்பி, மண்வாரி இருக்கணும், பயன்படுத்தவும் தெரிஞ்சிருக்கணும்.

பணம் கட்டும் முன் ட்ரெக் நிறுவனத்திடம் கேளுங்கள்: "தினமும் அபாய நிலையைப் பார்ப்பீங்களா? பாதைக்கு மேலே சாய்வு எவ்வளவு? நிலைமை மோசமானா திரும்பலாம்னு யார் முடிவெடுப்பாங்க?" தெளிவான பதில் வரவில்லை என்றால், அந்த நிறுவனத்தோடு போகாதீர்கள்.