காட்டருவிக்கு ஒருநாள் நடைப்பயணம்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

ரிஷிவந்தியம், சங்கராபுரம் போன்ற சமவெளி ஊர்களில் வாழ்வோர் கல்வராயன் மலைக்கு ஒரே நாளில் சென்று திரும்பலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலையில் உள்ள அருவிகளுள் சிலவற்றை வாகனத்திலேயே நெருங்கிவிடலாம். மேகம் அருவி போன்றவற்றிற்குக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். “சர்க்கரை நோய் உள்ள அப்பாவை அழைத்துச் செல்லலாமா?”, “இருதய நோய்க்கு மாத்திரை உண்பவர் நடக்கலாமா?” என்னும் ஐயங்கள் குடும்பத்தினருக்கு எழுவது இயல்பு. நோய் இருப்பது மட்டுமே தடையாகாது. நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தேவையான ஆயத்தம் செய்யப்பட்டுள்ளதா என்பவையே முக்கியம்.

இந்நடை உடலுக்குத் தரும் சுமை

கல்வராயன் மலையின் உயரம் ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் வரை. உயரத்தால் ஏற்படும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும். ஆகவே, இங்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டால் அதை “மலைக்காற்று” என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதற்கு இருதயமோ நுரையீரலோ காரணமாக இருக்கலாம்.

அருவிகள் பெரும்பாலும் பள்ளங்களில் விழுகின்றன. எனவே செல்லும்போது இறக்கமும், களைத்துத் திரும்பும்போது ஏற்றமும் அமையும். அருவியை அடைந்துவிட்டால் பாதி வழியே முடிந்தது என்று கொள்ளுங்கள். வலிமையில் பாதிக்கு மேல் செலவாவதற்கு முன்பே திரும்பத் தொடங்குவது நல்லது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலில் அதிக வலி தரும். அவர்கள் ஊன்றுகோல் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை

இரண்டு மாடிப் படிகளை வழக்கமான வேகத்தில் நிற்காமல் ஏறிப் பாருங்கள். நெஞ்சு வலியோ, நிற்க வைக்கும் மூச்சிரைப்போ, தலைச்சுற்றலோ ஏற்பட்டால் பயணத்திற்கு முன் மருத்துவரை அணுகவும். பாதையிலும் ஓர் அளவுகோல் உண்டு. நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரியானது. பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியவர்கள்

- அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகி, மருத்துவரின் ஒப்புதல் பெறாதவர்கள்
- ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலி அல்லது மூச்சுத் திணறல் உள்ளவர்கள்
- இரத்த அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள்
- காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள்
- காலில் ஆறாத புண் உள்ள சர்க்கரை நோயாளிகள்

நோய்வாரியான அறிவுரைகள்

*சர்க்கரை நோய்:* நீண்ட நடை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்குத் தாழ்சர்க்கரை அபாயம் அதிகம். அன்றைய மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றினால் உடனே அமர்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸை நீரில் கலந்து பருகுங்கள். 15 நிமிடத்தில் சீராகாவிட்டால் மீண்டும் பருகுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முள்ளும் கல்லும் குத்துவது தெரியாது. ஆகவே அருவிப் பாறையிலும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள்.

*இரத்த அழுத்தம், இருதய நோய்:* சிறுநீர் பெருக்கி மாத்திரை உண்போர் வியர்வையால் எளிதில் நீரிழப்புக்கு உள்ளாவர். எவ்வளவு நீர் பருகலாம் என்று மருத்துவரிடம் கேட்டறியுங்கள். நெஞ்சு வலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அது பையில் அல்ல, சட்டைப்பையில் இருக்க வேண்டும். வியர்த்த உடலுடன் குளிர்ந்த அருவியில் திடீரென நிற்பது இருதயத்திற்குச் சுமை. சற்று ஓய்வெடுத்து, கால், கை, முகம் என்று படிப்படியாக நனையுங்கள்.

*ஆஸ்துமா:* உறிஞ்சு மருந்தை எப்போதும் உடன் வைத்திருங்கள்.

*வலிப்பு நோய்:* முந்தைய இரவு உறக்கம் கெடக் கூடாது. ஒரு வேளை மாத்திரையும் தவறக் கூடாது. ஆழமான நீரில் இறங்க வேண்டாம்.

*கழுத்தெலும்புத் தேய்மானம், அண்மைக் கண் அறுவைச் சிகிச்சை:* அருவி நேராகத் தலையில் விழும் இடத்தில் நிற்க வேண்டாம். நீருடன் கற்களும் விழக்கூடும்.

அருவியில் காக்க வேண்டிய எச்சரிக்கை

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மழை பெய்தால் நிமிடங்களில் வெள்ளம் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தது நினைவில் இருக்கட்டும். நீர் கலங்குதல், இலை, சுள்ளிகள் மிதந்து வருதல், இரைச்சல் கூடுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். விரைந்து நடக்க இயலாதவரை முதலில் கரையேற்றுங்கள். வனத்துறை தடை விதித்த நாளில் செல்ல வேண்டாம்.

அவசர நிலையில்

காட்டுப் பாதையில் ஆம்புலன்ஸ் வராது; பல இடங்களில் கைப்பேசித் தொடர்பும் இராது. எங்கே தொடர்பு கிடைக்கிறது, சாலை எவ்வளவு தொலைவு என்பதை உள்ளே நுழையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பாதை அறிந்த உள்ளூரார் ஒருவர் உடன் வருவது பெரும் பாதுகாப்பு.

- நெஞ்சு வலி: நடையை நிறுத்தி அமரச் செய்யவும். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் 108-ஐ அழைக்கவும். நோயாளியை நடக்க விடாமல் தூக்கிச் செல்லவும்.
- பாம்புக்கடி: கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைவாக மருத்துவமனை செல்லவும்.
- தேனீக் கொட்டு: முகவீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் ஏற்பட்டால் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம்.

திரும்பிய பின் காய்ச்சல் வந்தால்

காட்டுப் புதர்களில் உள்ள நுண்ணிய பூச்சிகளின் கடியால் உண்ணிக் காய்ச்சலும், விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரால் எலிக் காய்ச்சலும் பரவக்கூடும். இவை பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் வெளிப்படும். சில வேளைகளில் நான்காவது வாரத்திலும் தோன்றலாம். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் புண் உள்ளதா என்று பாருங்கள். புண் இல்லாவிட்டாலும் காய்ச்சல் வந்தால், “காட்டுக்குச் சென்று வந்தேன்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சரியான சிகிச்சையை நாள்கணக்கில் முன்னதாகத் தொடங்க உதவும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் இவை குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் ஆகியவை பாதிக்கப்படலாம்.

பராமரிப்போருக்கு

மருந்துகளை அட்டையுடனும், மருந்துச் சீட்டின் நகலுடனும் எடுத்துச் செல்லுங்கள். “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில் மாத்திரை பெறுவோர் அப்பதிவு அட்டையையும் கொண்டு செல்லலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குளுக்கோஸ், காய்ச்சி ஆறிய நீர் ஆகியவையும் தேவை. குழுவின் வேகத்தை நோயாளியே தீர்மானிக்கட்டும். அவரை ஒருபோதும் கடைசியில் தனியே நடக்க விடாதீர்கள். பிறருக்கு இடையூறாகிவிடுவோமோ என்னும் தயக்கத்தால் பலர் வலியை மறைப்பர். “முடியாவிட்டால் இங்கிருந்தே திரும்பலாம்” என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.

ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்; அல்லது அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்.