வன்தட்டும் கண்டிக் கரண்டும்

1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது இலங்கையெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு. மின்சாரம் தரும் விக்டோரியா அணை கண்டிக்கு அருகே, தெல்தெனியப் பக்கம்தான் இருக்கிறது. அதற்காகக் கண்டிக்கு யாரும் சலுகை காட்டவில்லை. கொம்பியூட்டர் அரிதாக இருந்த காலம் அது. வைத்திருந்தவர்கள் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, நேரத்தோடு அதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதும் ஒரு சடங்கு. கோப்பைச் சேமித்து, விண்டோஸை மூடி, இனி அணைக்கலாம் என்று கறுப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்து வரும்வரை காத்திருந்து, கடைசியாக விரலால் ஸ்விட்சைத் தட்ட வேண்டும். அதற்கும் முந்திய எண்பதுகளின் இயந்திரங்களில், வன்தட்டின் வாசிக்கும் தலையைப் பாதுகாப்பான ஓரத்துக்கு ஒதுக்குவதற்கே தனிக் கட்டளை இருந்தது. மறந்துவிட்டு மேசையை நகர்த்தினால் தலை தகட்டில் உரசும்.

ஆக, வன்தட்டு எப்போது தூங்கும் என்பதை அன்று முடிவு செய்தது மனித விரல். நாளுக்கு ஒரு தூக்கம், ஒரு விழிப்பு.

இன்று அப்படியில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து பாடக்குறிப்பு வாசித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே வன்தட்டோ அதன் இணைப்போ பலமுறை தூங்கி எழுந்திருக்கும். அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. விரலிடமிருந்து இந்த அதிகாரம் முதலில் கணினியின் அடிப்படை நிரலான பயோஸுக்குப் போனது. 1992இல் வந்த ஏபிஎம் என்ற மின்சக்தி முகாமை முறை அது. 1996 கடைசியில் வெளியான ஏசிபிஐ என்ற முறை அதை இயங்குதளத்தின் கையில் கொடுத்தது. 2009இல் லினக்ஸ் இயங்குதளத்தின் 2.6.32 பதிப்பு வந்தபோது, ரஃபேல் விசோட்ஸ்கி எழுதிய ஒரு கட்டமைப்பு அதில் சேர்ந்தது. கணினி விழித்திருக்கும்போதே, சும்மா இருக்கும் ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியே உறங்க வைக்க அதனால் முடிந்தது. மூடியைச் சாத்தினால் முழுக் கணினியும் உறங்குகிற பழைய ஏற்பாடும் கூடவே இருந்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஒரே வன்தட்டுக்கு இரண்டு தூக்கங்கள், இரண்டு எசமான்கள்.

கதிர்காமம் போகப் புறப்படும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத அறைகளின் விளக்குகளைப் பிள்ளைகள் ஏற்கெனவே அணைத்துவிட்டார்கள். கடைசியாக மெயின் ஸ்விட்சை அணைக்க வரும் தகப்பன், ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டு, மறுபடி அணைத்து, அதன் பிறகுதான் மெயினில் கைவைப்பேன் என்றால் என்ன சொல்வோம்? வட்டுக் கட்டுப்படுத்தியை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் சில இதைத்தான் செய்தன. தானாகவே சுழல்வதை நிறுத்தி உறங்கிய தட்டை, மூடி சாத்தப்படும் நேரத்தில் தட்டியெழுப்பி, சுழலவிட்டு, இடைநினைவகத்தைக் காலி செய்யச் சொல்லி, மீண்டும் நிறுத்தும். சுழலத் தொடங்கும் அந்தச் சில வினாடிகளில்தான் வன்தட்டு மிக அதிகமாக மின்சாரம் இழுக்கிறது. பட்டரி கடைசி மூச்சில் இருக்கையில் இந்த வேலை எதற்கு?

எழுப்புவதிலும் ஒழுங்கு வேண்டும். உறங்கப் போகும்போது தட்டு முதலில், அது தொங்கும் போர்ட் பிறகு, கட்டுப்படுத்தி கடைசியில். எழும்போது எல்லாம் தலைகீழ். சாட்டா இணைப்பில் வரும் வன்தட்டுகளை, ஸ்கஸி என்ற வேறோர் இணைப்பு முறையின் தட்டுகளாகவே லினக்ஸ் பார்க்கும் பழைய வழக்கம் உண்டு. ஒரே பெட்டிக்கு இரண்டு அடையாள அட்டை மாதிரி. சாட்டா போர்ட்டுக்கும் ஸ்கஸி தட்டுக்கும் இடையே யார் தாய், யார் பிள்ளை என்ற நேரடி உறவு எழுதப்படாததால், போர்ட் எழுந்து முடிவதற்குள் தட்டை எழுப்பும் வேலை தொடங்கி, ஒன்றுக்காக ஒன்று காத்துக் கணினி உறைந்துபோகும் அபாயம் இருந்தது. 2023இல் லினக்ஸ் நிரலாளர் டேமியன் லெ மோல் அந்த உறவை எழுதி வைத்தார். முழுக் கணினியின் தூக்கத்துக்கும் தட்டின் சொந்தத் தூக்கத்துக்கும் பொதுவாக நிரலில் இருந்த ஒரே கொடியை, அதாவது ஆம்-இல்லை குறியை, இரண்டாகப் பிரித்தார். ஏற்கெனவே உறங்கும் தட்டுக்கு, அதன் டிரைவரை நிறுத்தும் நேரத்தில் கட்டளை அனுப்புவதும் அந்த ஆண்டு நின்றது. கட்டமைப்பு வந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! தூங்க வைப்பது சுலபம், இரண்டு தூக்கங்களுக்கிடையே ஒப்பந்தம் போடுவதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம்.

கைத்தொலைபேசிகளில் இது இன்னும் நெருக்கமான விஷயம். அவற்றில் இருக்கும் யூஎஃப்எஸ் வகைச் சேமிப்பகத்தின் லினக்ஸ் டிரைவரில் இடைநேரத் தூக்கத்துக்கு ஓர் ஆழமும் முழுத் தூக்கத்துக்கு இன்னோர் ஆழமும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. இரண்டு ஆழமும் ஒன்றானால் உறங்குவதை அப்படியே விட்டுவிடலாம். வேறானால் எழுப்பித்தான் ஆக வேண்டும்.

கண்டிக்கு இது எட்டாத சங்கதி என்று நினைக்கலாம். 2022 மார்ச் 31இல் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை அனுபவித்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். ஒன்லைன் வகுப்பில் இருந்த பிள்ளைகள், கட்டுகஸ்தோட்டையிலோ குண்டசாலையிலோ, பட்டரி வீதத்தைப் பார்த்துப் பார்த்து மூடியைத் திறந்து மூடிய காலம் அது. 2025 பெப்ரவரி 9இல் நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததுதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். குரங்குச் சேட்டை கண்டிக்காரருக்குப் பழகியது. அது இத்தனை தூரம் எட்டும் என்பதுதான் புதிது.

அப்படித் திடீரென்று போகும் கரண்டின் முன்னால் எந்த டிரைவருக்கும் வேலையில்லை. மேசைக் கணினியின் வன்தட்டு, தான் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, தலையை அவசரமாக ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஒழுங்காக ஒதுங்குவதைவிட அது முரட்டுத்தனமானது. இரண்டையும் வன்தட்டு தன் சொந்தக் குறிப்பில் எண்ணி வைத்திருக்கிறது: ஸ்மார்ட் பட்டியலில், பல நிறுவனங்களின் தட்டுகளில், 192ஆம் வரி அவசர ஒதுங்கல், 193ஆம் வரி எல்லா ஒதுங்கலும். கண்டியில் பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் திரையையும் கீபோர்டையும் தடவிப் பார்ப்பதோடு அந்த 192ஆம் வரியையும் திறந்து காட்டச் சொல்லலாம். எண் பெரிதாக இருந்தால் நான் விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.