நாய் பூனைகளின் கண்ணோய்கள்

சாயல்குடிப் பனங்காட்டில் இரவெல்லாம் ஆட்டுக்கிடை காக்கும் நாயின் கண்ணை நாம் கவனிப்பது அரிது. கண் சிவந்து பீளை தள்ளின் அஃது அழற்சியாம். பூனைக்குப் பெரும்பாலும் வைரசால், தும்மலோடு வரும். சீமைக்கருவேல முள் கீறிக் கருவிழி புண்ணாயின், நாய் கண்ணை இடுக்கி நீர் வடிக்கும். முதுமையில் பாவை சற்றே நீலம் பூத்தல் இயல்பு. பால்போல் வெளுப்பின் கண்புரை. 1903-இல் வேப்பேரியில் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதனைச் சத்திர சிகிச்சையால் நீக்குவர். விழி பருத்து விறைப்பின் உள்ளழுத்தம் மிகுந்ததென்க. தாமதிப்பின் ஓரிரு நாளில் குருடாகலாம்.

இலைச்சாறு பிழிதலும், நமக்கெனத் தந்த ஸ்டிராய்டுத் துளிமருந்தை இடுதலும் தகா. புண்பட்ட விழி அத்துளியால் துளைபடவுங் கூடும். ஆதலின், காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த தூய துணியால் பீளையைத் துடைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வோமாக.